இன்கம்டாக்ஸ் நோட்டீஸ்: வாரண்டியில் சேருமா, தனி பீஸா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில் நிச்சயம் ஒரு வாரண்டி கார்டு இருக்கும். ஹார்ட் டிஸ்க் தானாகப் பழுதானால் கம்பெனி இலவசமாக மாற்றித் தரும். கேபினட்டுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்துவிட்டால் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். எது கம்பெனியின் பொறுப்பு, எது நம் பொறுப்பு என்பதைப் பொருள் வாங்கும் அன்றே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் பிறகு சண்டை வருவதில்லை.

வருமான வரி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுப்பவர்கள் இப்படி ஒரு கார்டு தருவதில்லை. ஜூலை மாதத்தில் படிவம் 16, வங்கி பாஸ்புக் எல்லாவற்றையும் கொடுக்கிறோம். பீஸும் கொடுக்கிறோம். வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நான்கைந்து மாதம் கழித்து மொபைலில் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. வருமான வரித் துறை! கை கால் உதற, தயாரித்துக் கொடுத்தவரிடம் ஓடுகிறோம். அவர் "பதில் போட்டுவிடலாம், 500 ரூபாய் ஆகும்" என்கிறார். "ரிட்டர்ன் போட்டதே நீங்கள்தானே, எதற்கு மறுபடி பணம்?" என்று நமக்குத் தோன்றுகிறது. "நான் என்ன தப்பு செய்தேன், எதற்கு இலவசமாக உழைக்க வேண்டும்?" என்று அவருக்குத் தோன்றுகிறது.

இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நோட்டீஸ் வேலைக்கு எப்போது பீஸ் வாங்கலாம், எப்போது வாங்கக் கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ரிட்டர்ன் போடக் கொடுப்பவர்களுக்கும் இது பயன்படும். வீட்டில் கம்ப்யூட்டர் வந்ததும் அக்கம்பக்கத்தினருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் பயன்படும்.

ஸ்ரீரங்கத்தில் நடந்தது

நான் திருச்சி நவல்பட்டு ஐடி பார்க்கில் சாப்ட்வேர் இன்ஜினியர். என் சித்தப்பா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் உள்ள பென்ஷன்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார். ஒரு ரிட்டர்னுக்கு 750 ரூபாய். கணக்கு அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போய், கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் வேலை.

2024 ஜூலையில் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு ரிட்டர்ன் போட்டோம். பென்ஷன் 7,80,000 ரூபாய். அதில் நிலையான கழிவு 50,000 போக 7,30,000. வங்கி டெபாசிட் வட்டி 1,20,000. ஆக மொத்தம் 8,50,000. புதிய வரி முறையில் வரி 40,000, அதன்மேல் 4 சதவிகித செஸ் சேர்த்து 41,600 ரூபாய். பிடித்தம் சரியாக இருந்தது. எல்லாம் சுபம்.

அந்த ஆண்டு டிசம்பரில் வருமான வரித் துறை நாடு முழுவதும் எஸ்எம்எஸ், இமெயில் அனுப்பியது. துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கைக்கும் (சுருக்கமாக ஏஐஎஸ்) ரிட்டர்னுக்கும் வித்தியாசம் இருப்பவர்கள் திருத்திய ரிட்டர்ன் போடலாம் என்பது அதன் சாரம். பெரியவருக்கும் ஒன்று வந்தது. பதறிப் போய் வந்தார். சித்தப்பா 500 ரூபாய் கேட்டார். அவரும் மறு பேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். பெரியவருக்கு இரண்டாவதாக ஒரு வங்கியிலும் டெபாசிட் இருந்திருக்கிறது. வட்டி 42,000 ரூபாய். மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள் என்பது அப்போதைய வரம்பு. அதனால் அந்த வங்கி எதுவும் பிடிக்கவில்லை, சான்றிதழும் தரவில்லை. அவரும் அந்த பாஸ்புக்கைக் கொண்டுவரவில்லை.

"அவர் கொடுக்கவில்லை, அதனால் அவர் பொறுப்பு. பீஸ் வாங்கியது சரிதான்" என்று நினைத்துக்கொண்டே அவருடைய போல்டரைத் திறந்தேன். ஜூலையில் நானே டவுன்லோட் செய்த ஏஐஎஸ் பைல் அதில் இருந்தது. இரண்டாவது பக்கத்தில் அந்த 42,000 ரூபாய் வட்டி தெளிவாக இருந்தது. முதல் பக்கத்தோடு மூடிவிட்டது நான்!

சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு 500 ரூபாயை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரியவர் வாங்க மறுத்தார். "பாஸ்புக்கை நான்தானே சார் மறந்தேன், தப்பு என்னோடது" என்றார். "நீங்க மறந்தது நிஜம். ஆனா நாங்க பார்க்கறதுக்குத்தானே சார் 750 ரூபா வாங்கினோம்" என்று சித்தப்பா பணத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். 42,000 ரூபாய்க்கான கூடுதல் வரி 4,368 ரூபாயைப் பெரியவர் கட்டினார். திருத்திய ரிட்டர்னை நான் பீஸில்லாமல் போட்டுக் கொடுத்தேன்.

அன்று இரவு சித்தப்பா கேட்டார்: "ஏன்டா, நீ பார்த்துச் சொன்னதால தெரிஞ்சுது. இதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட இப்படி வாங்கியிருப்பேன்? எத்தனை பேருக்கு வாங்க வேண்டியதை விட்டிருப்பேன்?" பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்து உருவாக்கியதுதான் இனி வருவது.

வந்தது எல்லாமே நோட்டீஸ் அல்ல

முதலில் வந்திருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். பெயரைப் பார்த்தே பாதி பயம் போய்விடும். கீழே உள்ள பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருமானத்துக்குப் பழைய எண்களே வரும்.

143(1) இன்டிமேஷன்: ரிட்டர்ன் போட்டால் பரிசீலனைக்குப் பிறகு வரும் கணக்குச் சீட்டு இது. பெங்களூரில் உள்ள மையப் பரிசீலனை நிலையத்தில் (சிபிசி) கம்ப்யூட்டரே தயாரித்து அனுப்பும். உங்கள் கணக்கு ஒரு பத்தியிலும் அவர்கள் கணக்கு பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். கடைசி வரியில் பூஜ்யம் இருந்தால் வேலை முடிந்தது. ரீபண்ட் என்றிருந்தால் சந்தோஷம். டிமாண்ட் என்றிருந்தால் மட்டுமே வேலை. இந்த பிடிஎப் பைலைத் திறக்கப் பாஸ்வேர்ட் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி இல்லாமல் பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என எட்டு இலக்கத்தில் சேர்த்து அடியுங்கள்.

143(1)(ஏ) திருத்த உத்தேசம்: "உங்கள் ரிட்டர்னில் இந்த மாற்றம் செய்யப் போகிறோம், சம்மதமா?" என்று கேட்பது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அவர்களே மாற்றிவிடுவார்கள்.

139(9) குறையுள்ள ரிட்டர்ன்: வரிப் பிடித்தத்தைக் கேட்டுவிட்டு அதற்குரிய வருமானத்தைக் காட்டாமல் விட்டது போன்ற குறைகளுக்கு வருவது. 15 நாட்களுக்குள் சரி செய்ய வேண்டும். அவகாசம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கவனிக்காமல் விட்டால் ரிட்டர்னே போடாதது போல ஆகிவிடும்.

245: பழைய பாக்கியை இந்த ஆண்டு ரீபண்டில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பது.

143(2), 148: முதலாவது முழு ஆய்வு. இரண்டாவது பழைய ஆண்டுக் கணக்கைத் திரும்பத் திறப்பது. இவை வீட்டுக் கம்ப்யூட்டரில் முடிகிற வேலை அல்ல. ஆடிட்டரிடமோ வரி வழக்கறிஞரிடமோ போங்கள். அதற்குத் தனி பீஸ் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. ரீபண்ட் தருகிறோம், இங்கே கிளிக் செய்யுங்கள் என்று போலி மெயில்கள் ஏராளமாக வருகின்றன. மெயிலில் உள்ள லிங்க்கைக் கிளிக் செய்யாதீர்கள். பிரவுசரில் துறையின் இ-பைலிங் தள முகவரியை நீங்களே அடித்துத் திறங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. தளத்தின் முகப்புப் பக்கத்திலேயே 'அதென்டிகேட் நோட்டீஸ்' என்று தொடங்கும் ஓர் இணைப்பு உண்டு. அதில் அந்த எண்ணைக் கொடுத்தால், துறை அனுப்பியதுதானா என்று தெரிந்துவிடும். இதற்கு லாகின் செய்யவே வேண்டாம்.

வந்ததைப் படித்து "இது ஒன்றுமில்லை, பத்திரமாக வையுங்கள்" என்று சொல்வதற்கு யாரும் பீஸ் வாங்கக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட முதல் விதி. கடை வாசலில் நின்று விலை கேட்பதற்குக் காசு வாங்குவது போல ஆகிவிடும் அது.

யாரால் வந்தது? நான்கு டப்பாக்கள்

சாப்ட்வேர் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராம் கேட்டபடி வேலை செய்யவில்லை என்றால் அது 'பக்'. இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். முதலில் சொல்லாத ஒன்றை வாடிக்கையாளர் பிறகு கேட்டால் அது 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்'. அதற்குத் தனி பில். தையல்காரரிடமும் இதே கதைதான். அளவு தப்பாக எடுத்திருந்தால் பிரித்துத் தைத்துத் தருவார். தீபாவளிக்குள் நாம் குண்டாகிவிட்டால் பிரித்துத் தைக்கக் காசு வாங்குவார். நோட்டீஸையும் இதே கேள்வியால் பிரித்தோம்: இது யாரால் வந்தது?

டப்பா 1, தயாரித்தவர் தவறு: தட்டச்சுப் பிழை, வங்கிக் கணக்கு எண் தவறு, கொடுத்த சான்றிதழைச் சேர்க்க மறந்தது, தவறான படிவத்தைத் தேர்ந்தெடுத்தது. பீஸ் கிடையாது. நன்றி கூட எதிர்பார்க்கக் கூடாது.

டப்பா 2, வாடிக்கையாளர் தராதது: வாடகை வருமானத்தைச் சொல்லவில்லை, நிலம் விற்றதை மறைத்தார், காப்பீட்டு பிரீமியம் கட்டியதாகச் சொல்லி ரசீது தரவில்லை. வேலைக்கேற்ற பீஸ் வாங்கலாம். சித்தப்பா ஒரு கான்ட்ராக்டருக்காக நான்கு மாலை நேரம் செலவழித்திருக்கிறார். அவர் சொல்லாமல் விட்ட வரவுகளைத் தேடி எடுத்துப் பதில் போட்டார். தெரிந்தவராயிற்றே என்று ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த ஆண்டும் அந்தக் கான்ட்ராக்டர் அதையே செய்தார். இலவசமாகச் செய்தது அவருக்கும் நல்லதாக முடியவில்லை.

டப்பா 3, மூன்றாமவர் தவறு: பணம் கொடுத்த கம்பெனியோ வங்கியோ டிடிஎஸ் பிடித்துவிட்டு, அரசுக்குத் தரும் கணக்கில் உங்கள் பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கலாம். படிவம் 26ஏஎஸ்-ல் வரவு வராது. 143(1)-ல் டிமாண்ட் வரும். அந்தக் கம்பெனி திருத்தம் செய்த பிறகு 154ஆம் பிரிவில் ரெக்டிபிகேஷன் விண்ணப்பம் போட வேண்டும். இதில் தயாரித்தவர் மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை. ஆனால் வேலை இருக்கிறது. முன்பே சொல்லி வைத்த சிறு தொகை வாங்கலாம். நாங்கள் 300 ரூபாய் என்று வைத்தோம்.

டப்பா 4, யார் தவறும் இல்லை, தகவல் மட்டும்: படித்துச் சொன்னால் போதும். பீஸ் கிடையாது.

முன்பெல்லாம் நோட்டீஸ் என்றால் திருச்சி கண்டோன்மென்ட்டில் உள்ள வருமான வரி அலுவலகத்துக்கு பைலைத் தூக்கிக்கொண்டு போய் அரை நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கே பீஸ் வாங்குவது நியாயமாக இருந்தது. இன்று சிபிசி-யில் இருந்து வருபவற்றுக்கு வீட்டில் இருந்தே பதில் தரலாம். லாகின் செய்து, 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' மெனுவில் 'இ-புரொசீடிங்ஸ்' என்பதைக் கிளிக் செய்தால் நோட்டீஸ் அங்கே இருக்கும். டிமாண்டுக்குப் பதில் தர அதே மெனுவில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' உண்டு. ரெக்டிபிகேஷன் 'சர்வீசஸ்' மெனுவில் இருக்கிறது. சில வேலைகள் 20 நிமிடத்தில் முடியும். சில நான்கு மணி நேரம் இழுக்கும். எனவே நோட்டீஸ் என்ற பெயருக்குப் பீஸ் வாங்கக் கூடாது, செலவான நேரத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

டப்பாவில் அடங்காதவை

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. பிரிக்க உட்கார்ந்தால் சில நோட்டீஸ்கள் இரண்டு டப்பாவிலும் கால் வைக்கின்றன. ரயில்வே பெரியவரின் கதையே அதற்கு உதாரணம். அவர் கொடுக்கவில்லை, நாங்கள் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு சோதனை வைத்தோம். தயாரிப்பவர் தன் கம்ப்யூட்டரில் பார்த்தே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும் என்றால் டப்பா 1. முடியாது என்றால் டப்பா 2. 2021 நவம்பரில் ஏஐஎஸ் வந்த பிறகு இந்தச் சோதனையின் எல்லை மாறிவிட்டது. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, நிலம் வாங்கியது விற்றது என்று பல தகவல்கள் அதிலேயே இருக்கின்றன. அதைத் திறந்து கடைசிப் பக்கம் வரை பார்ப்பது இன்று ரிட்டர்ன் வேலையின் ஒரு பகுதி. "நீங்கள் சொல்லவில்லையே" என்ற பதில் அதில் உள்ள விஷயங்களுக்குச் செல்லாது. ரொக்கமாக வாங்கிய வீட்டு வாடகை அதில் இருக்காது. அதைச் சொல்லவேண்டியது வாடிக்கையாளர்தான்.

இன்னொரு சிக்கல் இ-வெரிபிகேஷன். ரிட்டர்ன் போட்டால் மட்டும் போதாது. 2022 ஆகஸ்ட் 1 முதல், போட்ட 30 நாட்களுக்குள் அதை உறுதி செய்ய வேண்டும் என்று விதி வந்தது. ஆதார் ஓடிபி மூலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் பல பெரியவர்களின் ஆதாரில் இருப்பது பெங்களூரிலோ அமெரிக்காவிலோ உள்ள பிள்ளையின் மொபைல் எண். இங்கே நாம் ஓடிபி-க்குக் காத்திருப்போம், அங்கே நள்ளிரவாக இருக்கும். நாளை பார்க்கலாம் என்று விட்டால் மறந்தே போகும். எங்கள் விதி இதுதான்: உறுதி செய்யும் வரை ரிட்டர்ன் வேலை முடியவில்லை, அதைத் துரத்துவது தயாரிப்பவர் கடமை. இரண்டு முறை எழுத்தில் நினைவூட்டியும் ஓடிபி வரவில்லை என்றால் மட்டுமே அது டப்பா 2.

வரி உங்களுடையது, அபராதம் யாருடையது?

தயாரித்தவர் தவறு என்றால் எல்லாப் பணத்தையும் அவரே கட்ட வேண்டுமா? இங்கே பலர் குழம்புகிறார்கள்.

வரி எப்போதுமே வாடிக்கையாளருடையது. அந்த 4,368 ரூபாயை ஜூலையிலேயே சரியாகப் போட்டிருந்தாலும் பெரியவர் கட்டித்தான் இருப்பார். எங்கள் தவறால் அது புதிதாக முளைக்கவில்லை. ஆனால் தவறால் மட்டுமே முளைக்கும் தொகைகள் உண்டு. கெடு தேதிக்கு முன்பே எல்லாக் காகிதமும் கொடுத்திருந்தும் தயாரிப்பவர் தாமதமாகப் போட்டால், 234எஃப் பிரிவில் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் வரும். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய். இது தயாரிப்பவர் பையில் இருந்து போக வேண்டியது.

வட்டி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வரியைத் தாமதமாகக் கட்டிய காலம் முழுவதும் பணம் வாடிக்கையாளரின் வங்கியில்தான் இருந்தது, அதற்கு அவருக்கு வட்டியும் கிடைத்தது. ஆனால் துறை மாதம் ஒரு சதவிகிதம் கேட்கும்போது வங்கி அவ்வளவு தராது. எனவே முழு வட்டியையும் தயாரிப்பவர் தலையில் போடுவதும் சரியல்ல, முழுவதும் வாடிக்கையாளர் தலையில் போடுவதும் சரியல்ல. பேசிப் பிரித்துக்கொள்ளலாம். பெரியவர் விஷயத்தில் இந்தத் தலைவலி வரவில்லை. 60 வயதான, வியாபாரமோ தொழில் வருமானமோ இல்லாத உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு முன்கூட்டி வரி கட்டும் கட்டாயம் கிடையாது. ரிட்டர்னும் கெடுவுக்குள் போட்டிருந்தோம். அதனால் வட்டி ஏறவில்லை.

அமெரிக்காவிலும் இதே கேள்விக்குப் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். எச் அண்ட் ஆர் பிளாக் என்ற பெரிய ரிட்டர்ன் தயாரிப்பு நிறுவனம், தன் ஆள் செய்த பிழையால் வரும் அபராதத்தையும் வட்டியையும் தானே தருவதாக உத்தரவாதம் தருகிறது. அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுவோருக்கு 'பீஸ் ஆப் மைண்ட்' என்ற பெயரில் தனித் திட்டம் விற்கிறது. நம் கம்ப்யூட்டருக்கு வாரண்டியும், அது முடிந்தபின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இருப்பது போலத்தான். முக்கியமானது, இரண்டும் ரிட்டர்ன் போடும்போதே எழுத்தில் சொல்லப்படுகின்றன.

ரீபண்டில் பங்கு கேட்பவரா? ஓடி வந்துவிடுங்கள்

"எனக்கு பீஸே வேண்டாம், வருகிற ரீபண்டில் இத்தனை சதவிகிதம் கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ரீபண்ட் பெருகினால் அவர் பங்கும் பெருகும். எனவே இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை எல்லாம் ரிட்டர்னில் நுழையும். நோட்டீஸ் வரும்போது அவர் இருக்க மாட்டார்.

பட்டயக் கணக்காளர்கள் லாபத்தின் சதவிகிதமாகவோ, வேலையின் முடிவைப் பொறுத்தோ பீஸ் வாங்கக் கூடாது என்று 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையே, சில விதிவிலக்குகள் தவிர, தடுத்திருக்கிறது. 2006ல் மத்திய அரசு கொண்டுவந்த வரி ரிட்டர்ன் தயாரிப்பாளர் திட்டத்திலும் சதவிகிதம் உண்டு. ஆனால் அது ரீபண்டில் அல்ல, கட்டிய வரியில். முதல் ஆண்டு 3, இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 1 சதவிகிதம், உச்ச வரம்பு 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். கொடுப்பது அரசு. வரி கூடினால் பங்கு கூடும் என்பதால் பொய்க் கழிவு போடும் ஆசைக்கு இடமில்லை.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியதாக அறிவித்தது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த இடைத்தரகர்கள் மீதான நடவடிக்கை அது. முறைகேடு தெரிய வந்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் துறை சொன்னது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி அந்த அறிவிப்பில் உண்டு. இந்தத் தரகர்கள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக இமெயில் முகவரிகளை உருவாக்கி, பிறகு அவற்றைக் கைவிட்டார்கள். நோட்டீஸ்கள் யாரும் படிக்காத பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன!

எனவே இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். இ-பைலிங் தளத்தில் லாகின் செய்து 'மை புரொபைல்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே முதன்மை இமெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையதாக இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பவரின் முகவரி வேண்டுமானால் இரண்டாம் இடத்தில் இருக்கட்டும். தளத்தின் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

எக்செல்லில் ஒரு நோட்டீஸ் நோட்டு

ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர்களுக்கு நாங்கள் செய்த ஷீட்டைச் சொல்கிறேன். எக்செல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். அதில் மெனு பெயர்கள் கொஞ்சம் மாறும்.

1. புதிய ஷீட்டில் முதல் வரியில் இந்தத் தலைப்புகளை வரிசையாக அடியுங்கள்: பெயர், பிரிவு, நோட்டீஸ் தேதி, கெடு நாட்கள், கடைசி தேதி, டப்பா, செலவான நிமிடங்கள், பீஸ், பதில் அனுப்பிய தேதி.

2. கடைசி தேதி தானாக வரவேண்டும். இரண்டாவது வரியில் அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து சமக் குறி அடியுங்கள். நோட்டீஸ் தேதி உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து, கூட்டல் குறி அடித்து, கெடு நாட்கள் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். தேதிக்குப் பதிலாக 46 ஆயிரத்துச் சொச்சம் என்று ஏதோ எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் 1900ஆம் ஆண்டு முதல் நாட்களை எண்ணி வைத்துக்கொள்கிறது. கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'பார்மட் செல்ஸ்' போய் 'டேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

3. டப்பா பத்தியைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' டேப்பில் 'டேட்டா வேலிடேஷன்' கிளிக் செய்யுங்கள். 'அலோ' என்ற இடத்தில் 'லிஸ்ட்' தேர்ந்தெடுத்து, கீழே 1,2,3,4 என்று காற்புள்ளி இட்டு அடியுங்கள். இனி அந்தக் கட்டங்களில் நான்கில் ஒன்றைத்தான் போட முடியும். "பிறகு பார்க்கலாம்" என்று எழுதி நழுவ முடியாது.

4. தலைப்பு வரியைத் தேர்ந்தெடுத்து 'பில்டர்' போடுங்கள். டப்பா 1 மட்டும் தெரியும்படி செய்தால் உங்கள் தவறுகள் மட்டும் வரிசையாக நிற்கும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: ஏஐஎஸ்-ஐ முழுதும் பார்க்காதது. அடுத்த சீசனில் அதை முதல் வேலையாக வைத்தோம்.

5. 'பைல்', 'இன்போ', 'புரொடெக்ட் ஒர்க்புக்' வழியே போய் பைலுக்குப் பாஸ்வேர்ட் போடுங்கள். வாடிக்கையாளர்களின் தளப் பாஸ்வேர்டுகளை இந்த ஷீட்டில் எழுதவே எழுதாதீர்கள்.

டப்பா எண்ணை நிரப்புவது நோட்டீஸைப் படித்த உடனேயே நடக்க வேண்டும். பீஸ் பேசியபின் நிரப்பினால் மனம் தனக்குச் சாதகமான எண்ணைத்தான் போடும்.

உங்கள் வாரண்டி கார்டு

ரிட்டர்ன் வாங்கும்போதே இந்த ஐந்து வரிகளை ஒரு தாளில் அடித்து இருவரும் கையெழுத்திட்டால் போதும். தயாரிப்பவர் தராவிட்டால் வாடிக்கையாளர் நீங்களே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

அ. ரிட்டர்ன் பீஸில் ஏஐஎஸ், 26ஏஎஸ் சரிபார்ப்பும் இ-வெரிபிகேஷனும் அடக்கம்.

ஆ. தயாரிப்பவர் தவறால் வரும் நோட்டீஸுக்குப் பீஸ் இல்லை. அந்தத் தவறால் மட்டுமே வரும் தாமதக் கட்டணமும் அபராதமும் அவருடையது. வரி வாடிக்கையாளருடையது.

இ. வாடிக்கையாளர் தராத தகவலால் வந்தால் வேலை நேரத்துக்கேற்ற பீஸ். மூன்றாமவர் தவறால் வந்தால் இத்தனை ரூபாய் (தொகையை எழுதவும்).

ஈ. 143(2), 148 போன்றவை இதில் சேராது. தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

உ. பீஸ் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தாலும் கெடுவுக்குள் பதில் போய்விடும். பேச்சு பிறகு.

கடைசி வரிதான் மிக முக்கியம். 15 நாள் கெடு, யார் தவறு என்று நாம் சண்டை போடும் வரை காத்திருக்காது. வீடு தீப்பிடித்தால் முதலில் தண்ணீர் ஊற்றுவோம், யார் விளக்கைக் கவிழ்த்தது என்று பிறகு கேட்போம்.

சித்தப்பா இப்போது இந்தத் தாளை 20 பிரதி எடுத்து வைத்திருக்கிறார். கான்ட்ராக்டர் அதைப் படித்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். ரயில்வே பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மஞ்சள் பையில் இருந்து இரண்டு பாஸ்புக்குகளையும் எடுத்து மேஜையில் வைத்தார். ஆனாலும் நான் ஏஐஎஸ்-ஐக் கடைசிப் பக்கம் வரை பார்த்த பிறகே கீபோர்டைத் தொட்டேன்.